ஆறு பேர் போதாது

ஏப்ரன் சுருங்கிப் போயிற்று.

நேற்றுவரை ஒரு மனிதனின் இடுப்பை மறைக்கிற அளவில் இருந்த சாமான். சவர்க்காரத்தில் ஊறவைத்துக் கும்மி, கிணற்றடிக் கொடியில் காயப்போட்டு எடுத்தபோது முகம் துடைக்கிற லேஞ்சியின் அளவுக்கு வந்திருந்தது. மங்கையற்கரசி அதை மேசையில் விரித்து இரண்டு கையாலும் அழுத்தினாள். கையை எடுத்தவுடன் பொரித்த அப்பளம்போல மறுபடியும் சுருண்டது.

"மச்சாள், இஞ்ச வந்து இதைப் பாருங்க."

கண்ணகை குசினியிலிருந்து வந்து பார்த்தாள். செத்துப்போன நல்லரத்தினத்தின் அக்கா அவள். தம்பி கண்ணை மூடிய அன்றே கொக்கட்டிச்சோலை வீட்டைப் பூட்டிவிட்டு நாவற்குடாவுக்கு வந்தவள், இன்னும் போகவில்லை. வாயில் வெற்றிலை இருக்கும். பேச்சு இருக்காது.

"இது துணி இல்லையா மச்சாள்? தோலா?"

"எனக்கென்ன தெரியும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

எதைக் கேட்டாலும் அவளுக்கு அந்த ஒரு பதில்தான். தம்பியோடும் அதிகம் பேசமாட்டாள். இருவரும் சந்தித்தால் ஒருவர் கையை ஒருவர் பிடிப்பார்கள், கட்டைவிரலால் எங்கோ ஒரு அழுத்து, அதோடு சரி. பெட்டியை மூடமுன்னரும் கண்ணகை அப்படித்தான் தம்பியின் குளிர்ந்த கையைப் பிடித்தாள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஊர்களின் பழக்கம் போல என்று மங்கையற்கரசி நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரன் ஆட்டுக்குட்டித் தோலால் செய்தது. மட்டக்களப்பு டவுனில், வாவியைப் பார்த்தபடி ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கிற பழைய வீடொன்றில் பிறீமேசன் லொட்ஜ் இருந்தது. ஆம்பிளைகள் மட்டும் சேருகிற சங்கம். கண்ணைக் கட்டிவிட்டுச் சத்தியம் வாங்குவார்கள். சேர்ந்தபிறகு ஒருவரை ஒருவர் சகோதரர் என்பார்கள். உள்ளே நடக்கிறதை வெளியே சொல்லமாட்டார்கள். சொல்லாதபடியால் ஊர் தானாகவே சொல்லிக்கொண்டது. ஆட்டில் ஏறி ஓடுகிறார்களாம். சவப்பெட்டியில் படுத்து எழும்புகிறார்களாம். தபால் அதிபராக இருந்து ஓய்வுபெற்ற நல்லரத்தினம் முப்பது வருசத்துக்கு மேல் அந்த வீட்டுக்குப் போய் வந்தவர், பல வருசம் தலைமைக் கதிரையில் இருந்தவர். உள்ளே என்ன நடக்குது என்று மங்கையற்கரசி கேட்டால், "நல்லது நடக்குது" என்பார்.

முப்பத்தோராம் நாள் வீட்டில் அமுது, செத்தவருக்குப் படைத்து வந்தவர்களுக்குச் சோறு போடுகிற நாள். அன்று பின்னேரம் லொட்ஜில் அவருக்காக ஒரு கூட்டம். வெறுங்கதிரையில் அவருடைய ஏப்ரனை வைத்து, சுவரிலே பழைய தலைவர்களின் பெயர் எழுதியிருக்கிற பலகையில் இருந்து அவருடைய பெயரை வாசித்து, எல்லாரும் எழும்பி நிற்பார்கள். இதை வந்து சொன்னவர் இப்போதைய தலைவர், பல் டொக்டர் மதுரன்.

"பொம்பிளைகள் உள்ள வரேலா ரீச்சர். ஆனா அண்டைக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பம். நீங்க விறாந்தையில இருந்து கேக்கலாம்."

அந்தக் கதவு திறந்திருக்க, உள்ளேயிருந்து மனிசனின் பெயர் வெளியே வரவேண்டும். அதை அவள் காதால் கேட்கவேண்டும். இத்தனை வருசம் சாத்திய கதவிடம் அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் ஏப்ரனைக் கழுவினாள்.

மதுரன் வந்து பார்த்தார். பல்லைப் பிடுங்கமுன்னர் நோயாளிக்குச் சொல்கிற குரலில், "ஒண்டுக்கும் பயப்பிடாதீங்க," என்றார்.

"அயன் பண்ணியும் பாத்தனான்."

"அதானா இந்தக் கறுப்பு."

"நல்ல வெள்ளைத் துணி இரிக்கு. பழைய அளவிலயே ஒண்டு தைச்சுத் தரட்டா?"

"தோல்தான் வேணும் ரீச்சர். கொழும்பில எங்கட மேலிடத்திலதான் எடுக்கணும். நான் கேக்கிறன்."

"நீங்க கேட்டா ஆண்டுத் திவசத்துக்குத்தான் வரும். நம்பரைத் தாங்க."

மதுரன் தயங்கித் தயங்கி நம்பரைக் கொடுத்தார். "அமிர்தகுலசிங்கம் சேர் எண்டு கேளுங்க. லொட்ஜுகளையெல்லாம் பரிசோதிக்கிறவர் அவர்தான். கொஞ்சம் கண்டிப்பு. ஆனா நம்மட லொட்ஜிலதான் அவரும் சேர்ந்தவர். இளம் எஞ்சினியரா இஞ்ச வேலை செய்த காலத்தில. நம்மளில ஒரு பாசம் இரிக்கும்."

பாசம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் கொழும்புக்குப் போன் எடுத்துப் பேசத் தொடங்கினாள். அமிர்தகுலசிங்கம் மரியாதையாகத்தான் கேட்டார். ஒரு ஏப்ரன் அனுப்புவது பெரிய விசயமில்லை என்றார். அதோடு போனை வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் முப்பது வருசம் கணக்குப் படிப்பித்த ஒருத்திக்கு, மனிசனைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டது.

"உங்கட காலம்தானே சேர், உங்களுக்குத் தெரியாததா? அந்தச் சண்டைக்குள்ள இவர் கொக்கட்டிச்சோலைத் தபால் கந்தோரில. வாவியைத் தாண்டி வரணும். ஆம்பிளை தனிய வந்தா துறையில பிடிச்சு வைப்பாங்க எண்டு ஒவ்வொரு கூட்டத்துக்கும் அக்காவையும் வள்ளத்தில ஏத்திக்கொண்டு வாறவர். அவ பாவம், முடியுமட்டும் லொட்ஜ் குசினிக்குள்ள குந்திக்கொண்டு இரிப்பா. இவரைச் சேர்த்த அண்டைக்கு வள்ளமெல்லாம் மறிச்சாச்சு. அப்பிடியும் ஆறு பேர் வந்தாங்க சேர். உசிரைக் கையில பிடிச்சுக்கொண்டு ஆறு பேர்."

அமிர்தகுலசிங்கம் இடைமறித்தார்.

"எத்தனை பேர் என்றீங்க?"

"ஆறு பேர் சேர்." இன்னும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்.

"ஆறு பேர் போதாது, மிஸிஸ் நல்லரத்தினம்," என்றார் அமிர்தகுலசிங்கம்.

அடுத்த நாள் மதுரன் வந்தபோது அவருடைய முகமே பல் பிடுங்கினதுபோல வீங்கியிருந்தது.

"ஒருத்தரைச் சகோதரராச் சேர்க்க உள்ளுக்கு ஏழு பேர் இரிக்கணும் ரீச்சர். ஒண்டு குறைஞ்சாலும் செல்லாது. நீங்க ஏன் அதைப் போய்..."

"எனக்கு ஆரு சொன்ன? முப்பது வருசமா 'நல்லது நடக்குது' எண்டு மட்டும்தானே எனக்குத் தெரியும்."

"இப்ப அவர் முறைப்படி சேரல்ல எண்டு வந்திட்டு. அவர் முறைப்படி இல்லயெண்டா, தலைவரா இருந்து அவர் சேர்த்த ஆக்களும் இல்ல."

"உங்களைச் சேர்த்தது?"

"அவர்தான்."

"அப்ப நீங்க?"

"நானும் இல்ல."

"பல் டொக்டர் எண்டதாவது உண்மைதானே?"

மதுரன் சிரிக்கவில்லை. திருகோணமலையிலிருந்தும் கண்டியிலிருந்தும் கூட்டத்துக்கு வர இருந்தவர்கள் வரவில்லை என்று அறிவித்துவிட்டார்கள். முறையில்லாத ஆட்களோடு ஒரே அறையில் கூடினால் தங்களுக்கும் அது தொற்றிவிடும் என்று பயம். சின்னமுத்து அம்மை போட்ட வீடுபோல லொட்ஜ் தனித்துப் போயிற்று.

மங்கையற்கரசி இரவு முழுக்க யோசிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. விடிந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு ஓட்டோ பிடித்து ஒக்கர்ஸ் வீட்டுக்குப் போனாள். அந்த ஆறு பேரில் உயிரோடு இருக்கிறவர் அவர் ஒருவர்தான். பறங்கிக் கிழவர். ஒருகாலத்தில் ஸ்டேசன் மாஸ்டர். இப்போது வாவிக்கரை வீட்டில், ஓடாத மணிக்கூடு ஒன்றுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார்.

"அங்கிள், கொழும்பில கேட்டா அண்டைக்கு ஏழு பேர் எண்டு சொல்லணும்."

"மகள், சத்தியம் செய்தவன் பொய் சொல்லேலா."

"பொய் இல்ல அங்கிள். ஞாபகமறதி."

"அது நிறைய இரிக்கு," என்று கிழவர் ஒத்துக்கொண்டார்.

அவள் நம்பரை அழுத்திப் போனை அவருடைய காதில் வைத்தாள். கிழவர் முதலில் அமிர்தகுலசிங்கத்தின் குடும்பத்தைச் சுகம் விசாரித்தார். பிறகு நல்லரத்தினத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தன்னைப் பிடித்துக்கொண்டுபோய் அடைத்து வைத்திருந்த காலத்தில், சகோதரன் வீட்டைப் பார்க்கவேண்டும் என்று சத்தியம் செய்தவர்கள் பலர் வெளிநாட்டுக்கு ஓடியபோது, நல்லரத்தினம் மட்டும் வள்ளத்தில் அரிசி கொண்டுவந்து தன் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டுப் போனதைச் சொன்னார். மங்கையற்கரசிக்கு அது புதுக்கதை. அரிசி குறைந்ததற்கு அந்தக் காலத்தில் எலியைத்தான் அவள் திட்டியிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரியம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்தாள்.

"உள்ளுக்கு எத்தனை பேரா?" என்றார் கிழவர் போனுக்குள். "பொறும், எண்ணிப் பாக்கிறன். அப்ப தலைவரா இருந்த, வழக்குப் பேசுற புரொக்டர், நான், கூடப்பிறந்த அந்த ரெண்டு பிரதர்ஸ், மருந்துக்கடைக்காரன். அஞ்சு. ஆறாவது ஆள் வாளோட வெளிக்கதவில காவல் நிண்டவன். அவன் உள்ள வரல்ல. அஞ்சு பேர்தான்."

மங்கையற்கரசி போனைப் பறித்தாள். அதற்குள் மறுமுனையில் வைத்துவிட்டார்கள்.

"உண்மைதானே மகள் முக்கியம்," என்றார் கிழவர்.

"இல்ல அங்கிள். எனக்கு ஏழுதான் முக்கியம்."

முப்பத்தோராம் நாள் காலையில் அமிர்தகுலசிங்கமே வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டு, கையில் தட்டையான சின்னப் பெட்டி, நரைத்த மீசை ஒரு பக்கமும் கூடாமல் குறையாமல் வெட்டியிருந்தது. பந்தலுக்குக் கீழே மதுரனும் லொட்ஜ்காரர் ஏழெட்டுப் பேரும் கறுப்புக் கோட்டோடு வேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் எழும்பினார்கள். கை கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அமிர்தகுலசிங்கமும் அவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. பொதுவாகப் பந்தலைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஹோலில் நல்லரத்தினத்தின் படத்துக்கு முன்னால் படையல் தயாராக இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டத்தில் லேஞ்சி அளவில் ஏப்ரன், நடுவில் அயன்பெட்டியின் கறுப்பு அச்சோடு. கண்ணகை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உடனே போகாமல் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"மிஸிஸ் நல்லரத்தினம், உங்கட துக்கத்தில நான் முழுதாகப் பங்குகொள்ளுறன். அவர் நல்ல மனிதர். அதில எங்களுக்கு அபிப்பிராய பேதம் இல்லை."

"ஆனா?"

"ஆனால் அவர் சகோதரர் இல்லை. இன்றைக்குக் கூட்டம் நடக்காது. பலகையில உள்ள பெயரை அழிக்கவேணும். லொட்ஜைப் பூட்டி, திறப்பை நான் கொண்டுபோறன். இந்தப் பிள்ளைகள் விரும்பினால் முறைப்படி விண்ணப்பிச்சு, முதலிலிருந்து சேரலாம்."

பந்தலில் கோட்டுகள் அசைந்தன. அதில் ஒருவர் ஐம்பத்தெட்டு வயதுப் பிள்ளை.

"சேர், உங்கட ஆக்கள் சத்தியம் செய்யிறது என்னத்துக்கு?" என்று கேட்டாள் மங்கையற்கரசி. குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. "சகோதரனுக்கு ஒரு கஷ்டம் வந்தா நிக்கிறதுக்குத்தானே? அரிசி கொண்டுபோய்க் குடுத்த அண்டைக்கு ஒக்கர்ஸ் பெண்சாதி, நீங்க முறைப்படி சேர்ந்த ஆளா எண்டு கேட்டு வாங்கினவவா?"

"அது நல்ல குணம். நல்ல குணம் வேறு, முறை வேறு."

"சரி, முறையையே பேசுவம். நான் கணக்குப் படிப்பிச்சவள். நீங்க இஞ்ச எப்ப சேர்ந்தீங்க?"

"இவருக்கு அடுத்த ஆள் நான்தான். அதே வருசம்."

"உங்களைச் சேர்த்த அண்டைக்கு என்ட மனிசனும் வந்தவர்தானே?"

"வந்தவர்."

"அவர் சகோதரர் இல்லயெண்டா, உங்கட ஏழிலயும் ஒண்டு குறையுது. ஏழில ஒண்டு போனா எவ்வளவு சேர்?"

பந்தலில் மதுரன் தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன நிலையில் நிறுத்தினார். அமிர்தகுலசிங்கம் கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவரோ சிரித்தார். கொழும்பிலிருந்து வருகிற வழியெல்லாம் இந்தக் கேள்விக்கு விடையை எழுதித் திருத்தி வைத்திருந்தவர்போல இருந்தது அந்தச் சிரிப்பு.

"நல்ல கேள்வி. ஆனால் அன்றைக்கு உங்கட மனிசன் உள்ளுக்கு இருக்கவில்லை. புதிய ஆள் என்றபடியால் வாளைக் கொடுத்து வெளிக்கதவில காவல் நிற்க விட்டிருந்தார்கள். அவரை நான் எண்ணவே இல்லை. உள்ளுக்கு மட்டும் ஏழு பேர். என்ர கண்கட்டை அவிழ்த்தவுடனே நான் செய்த முதல் வேலை ஆட்களை எண்ணினதுதான்."

"ஆறு பேர்தானே இஞ்ச இருந்தாங்க? ஏழாவது ஆள் ஆரு?"

"திருகோணமலையில இருந்து வந்த ஒரு சகோதரர். கரண்ட் இல்லை, மெழுகுதிரி வெளிச்சம்தான். மூலைக் கதிரையில இருந்தார். சின்ன உடம்பு. தொப்பியை நெற்றிவரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சலில குரல் போயிற்று என்று புரொக்டர் சொன்னார். பெயர்கூட எனக்குத் தெரியாது. சடங்கு முடிஞ்சு எழும்பிப் போகேக்க எனக்குக் கை மட்டும் கொடுத்தார். எங்கட முறைப்படி கொடுக்கிற கை. முப்பது சொச்ச வருசத்தில அவ்வளவு திருத்தமான கையை நான் பிறகு பிடிச்சதே இல்லை." குரல் கொஞ்சம் இளகியது. "அந்த நிலைமைக்குள்ள, காய்ச்சலோட, என் ஒருத்தனுக்காக வந்திருந்த மனிதர். அவர் வந்தபடியால்தான் நான் இன்றைக்கு முறைப்படியான சகோதரன். ஒவ்வொரு கூட்டத்திலயும் மனதுக்குள்ள அவருக்கு நன்றி சொல்லித்தான் கதிரையில இருப்பன்."

மங்கையற்கரசிக்குக் கணக்குத் தீர்ந்துவிட்டது. விடை அவள் பக்கம் வரவில்லை. படத்தைப் பார்த்தாள். நல்லரத்தினம் படத்திலும் 'நல்லது நடக்குது' என்கிற முகத்தோடுதான் இருந்தார்.

"சரி சேர்," என்றாள். எழும்பினாள். "நீங்க உங்கட திறப்பைக் கொண்டுபோங்க. பின்னேரம் நான் லொட்ஜுக்குப் போறன். பூட்டின கதவுக்கு முன்னால ரோட்டில நிண்டு அவர்ட பேரை நானே வாசிப்பன். பள்ளிக்கூடத்தில மைதானத்துக் கடைசிப் பிள்ளைக்கும் கேட்ட குரல் இது. பலகையில நீங்க பெயின்ற் அடிக்கலாம். என்ட வாயில அடிக்கேலா."

"அது ஒழுங்கில்லை, மிஸிஸ் நல்லரத்தினம்."

"நான் ஒழுங்கில்லாதவள்தானே. உங்கட சட்டத்தில நான் எந்தக் காலத்தில ஆளா இருந்தன்?"

பந்தலில் மதுரன் கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் வாறன் ரீச்சர்."

"டொக்டர் மதுரன், யோசிச்சுப் பேசும்."

"யோசிச்சுத்தான் சேர். சட்டப்படி நான் இப்ப ஒண்டுமில்ல எண்டு நீங்கதான் சொன்னீங்க. ஒண்டுமில்லாதவன் எங்கயும் போகலாம். எந்த ரோட்டிலயும் எழும்பி நிக்கலாம்."

ஐம்பத்தெட்டு வயதுப் பிள்ளையும் எழும்பியது. பிறகு மற்றவர்கள். கதிரைகள் கிறீச்சிட்டன. அமிர்தகுலசிங்கம் தன் பெட்டியை எடுத்துக்கொண்டார். அவருடைய முகம் இறுகிப்போயிருந்தது.

"நான் சாப்பாட்டுக்கு நிக்கேல்லை. மன்னிக்கவேணும்."

வாசலை மறித்துக்கொண்டு கண்ணகை நின்றாள். வாயிலிருந்த வெற்றிலையை எப்போது துப்பினாள் என்று தெரியவில்லை. கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு முன்னால் நீட்டினாள்.

"விடுங்க மச்சாள், அவர் போகட்டும்," என்றாள் மங்கையற்கரசி.

கண்ணகை கேட்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. செத்த வீட்டில் ஒரு கிழவியின் கையைத் தட்டுவது மரியாதையில்லை என்று அமிர்தகுலசிங்கம் தன் கையைக் கொடுத்தார். அவளுடைய சின்னக் கை அதைப் பிடித்தது. கட்டைவிரல் ஓரிடத்தில் போய் அழுத்தியது.

மற்றக் கையிலிருந்த பெட்டி நிலத்தில் விழுந்து திறந்தது. அவருடைய வெள்ளை ஏப்ரன் படிக்கட்டில் சரிந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கவில்லை. பிடித்த கையையும் இழுக்கவில்லை. அவளுடைய சின்ன உடம்பை உச்சியிலிருந்து முழங்கால்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குக் குரல் ஒண்டும் போகல்ல தம்பி," என்றாள் கண்ணகை. "வாயைத் திறக்கப்படாது எண்டு சத்தியம் வாங்கிப்போட்டுத்தான் புரொக்டர் ஐயா எனக்கு அந்தக் கோட்டைப் போட்டுவிட்டவர்."